பேண்ட்கேம்ப் குழந்தைப் பாட்டுகள்: நாலு வருடமாகியும் கை வால்யூம் பட்டனில்தான்

நண்பர் ஒருவர் கேட்டார்: "பாட்டு ஆப் சந்தாவை நிறுத்திவிட்டு, பேண்ட்கேம்ப்பில் குழந்தைப் பாட்டு வாங்கி, பென் டிரைவில் போட்டு ஸ்பீக்கரில் ஓட்டினால் போதுமா?" பேண்ட்கேம்ப் என்பது பாடியவர்களிடமிருந்தே பாட்டை வாங்கி இறக்கிக்கொள்ளும் இணையதளம். நாலு வருடமாக என் வீட்டில் ஓடுவது அப்படித்தான். போதும். ஆனால் சத்தம் என்று ஒரு தலைவலி உண்டு. அதை மறைத்துவிட்டு "போதும்" என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

தனியாகப் பாட்டு போடுபவர்களில் ஒருவர் வீட்டு அறையில் யூகுலேலேயும் ஒரு மைக்கும் வைத்து மெல்லப் பதிவு செய்திருப்பார். இன்னொருவர் டிரம்ஸ் சேர்த்து, மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடுமுன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பில், சத்தத்தை உச்சிவரை ஏற்றியிருப்பார். ஸ்ட்ரீமிங் ஆப்களில் இரண்டையும் ஆப்பே ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும். இறக்கிய எம்பி3 கோப்பை சாதாரண ஸ்பீக்கர் அப்படியே பாடும். தாலாட்டு கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றுவோம். அடுத்த பாட்டு தூங்கின பிள்ளையை எழுப்பிவிடும். குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் என்றால் 75 டெசிபல்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஆகவே இதை வெறும் எரிச்சல் என்று ஒதுக்க முடியாது.

தேடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'கிட்ஸ்' என்ற டேக்கை மட்டும் நம்பாதீர்கள், பெரியவர்களுக்கான இசைக்குழுக்களும் அதில் வந்து விழும். 'சில்ட்ரன்ஸ் மியூசிக்', 'கிண்டி' (kindie, தனிக் கலைஞர்களின் குழந்தை இசை) இரண்டும் மேல். அதைவிட நல்ல வழி, பிடித்த ஆல்பத்தின் கீழே வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். ஒன்றைத் தொட்டால் அவருடைய முழுச் சேகரிப்பும் திறக்கும். உங்கள் வீட்டு வயதுப் பிள்ளை வைத்திருப்பவர் ஒருவர் அகப்பட்டால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை. வாங்குமுன் முழுப் பாட்டையும் கேட்டுவிடுங்கள். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு வாங்குங்கள், பாடியவருக்குக் கூடுதலாகப் போகும்.

இப்படித் துழாவும்போதுதான் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் என்ற அமெரிக்க இசை வெளியீட்டு நிறுவனத்தின் பக்கமும், அதில் குழந்தைப் பாடகி எலா ஜென்கின்ஸும் கிடைத்தார்கள். 1957-இல் முதல் ஆல்பம் வெளியிட்டவர், 2024 நவம்பரில் நூறு வயதில் மறைந்தார். அவர் ஒரு வரி பாடுவார், பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். அந்தப் பதில் வரும் இடம்தான் பாட்டின் உயிர். இரண்டாம் முறை கேட்கையிலேயே வீட்டுப் பிள்ளையும் அந்த இடத்தில் சரியாக நுழைந்துவிடும். படமில்லாமல், திரையில்லாமல் இது நடப்பது இவ்வளவு சந்தோஷம் தரும் என்று எதிர்பார்க்கவே முடியாது.

சத்தத்துக்கு வருவோம். எம்பி3 கோப்புகளின் சத்தத்தைச் சமன் செய்யும் எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருள் போதும். ஒவ்வொரு ஆல்பத்தையும் தனி ஃபோல்டரில் வையுங்கள். இலக்கு 89 டெசிபல் என்றே இருக்கட்டும் (இது கோப்புக்கான மென்பொருளின் கணக்கு, மேலே சொன்ன 75 போல காதில் விழும் சத்தமல்ல). 'டிராக் கெயின்' வேண்டாம், ஆல்பம் முழுவதையும் ஒரே அளவு ஏற்றி இறக்கும் 'ஆல்பம் கெயின்' கொடுங்கள். டிராக் கெயினில் ஆல்பத்தின் கடைசித் தாலாட்டும் முதல் குதியாட்டப் பாட்டும் ஒரே சத்தத்துக்கு வந்துவிடும். பாடியவர் யோசித்து வைத்த ஏற்ற இறக்கம் போய்விடும். 'கிளிப்' பத்தியில் 'ஒய்' (Y) வந்தால் ஏற்றியது அதிகம், ஒலி உச்சியைத் தாண்டிச் சிதையும். கைதட்டல் நிறைந்த மெல்லிய பதிவுகளில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் பாட்டு மென்மை, தட்டல் மட்டும் உச்சி. அப்போது எல்லா ஆல்பங்களுக்கும் இலக்கை 86 ஆக்குங்கள், அந்த ஒன்றுக்கு மட்டும் அல்ல. மாற்றம் 1.5 டெசிபல் படிகளாகத்தான் நடக்கும். ஒலித்தரம் குறையாது, வேண்டாமென்றால் திருப்பிவிடலாம். தூங்கும் நேரப் பாட்டுக்குத் தனி பென் டிரைவ், இலக்கு 83.

மெல்லிய இடத்துக்கும் சத்தமான இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரசர் போடாதீர்கள். மௌனத்தை வெட்டும் கருவியைத் தொடவே தொடாதீர்கள், பிள்ளை பதில் பாட வேண்டிய இடத்தைத்தான் அது முதலில் வெட்டும்.

பென் டிரைவின் ஃபார்மட் எஃப்ஏடி32 (FAT32) ஆக இருக்கட்டும். மலிவு ஸ்பீக்கர்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, காப்பி ஆன வரிசையில் பாடும். அதனால் டிரைவைக் காலி செய்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் காப்பி செய்யுங்கள்.

புது ஆல்பம் வாங்கும் ஒவ்வொரு தடவையும் இத்தனையும் செய்ய வேண்டும். ஒரு தடவை மறந்தால் அன்று ராத்திரியே தெரிந்துவிடும். நாலு வருடம் செய்து சலித்த கையோடு சொல்கிறேன்: போதும்தான், ஆனாலும் சந்தாவை நிறுத்தாதீர்கள். எலா ஜென்கின்ஸை மட்டும் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.