கோடிங் தொடங்க எங்கே போகலாம்: வீடியோவா, கட்டண வகுப்பா, நூலகப் பயிலரங்கா?

இந்த வருடம் மட்டும் மூன்று பேர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். முதுகலை ஆய்வுக்குக் கருத்துக்கணிப்பு எடுத்து முடித்தாயிற்று, கையில் எக்செல் கோப்பு இருக்கிறது, மேற்பார்வையாளர் ஆர் (R) அல்லது பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டார், "அக்கா, எங்க போய் ஆரம்பிக்கிறது?" கோலாலம்பூரில் இருந்துகொண்டே மூன்று வழியிலும் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். என் பதில் நூலகம்தான்.

வீடியோவில் பெரிய குறை கிடையாது. காசில்லை, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், தமிழிலேயே பைத்தான் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள், உலாவியிலேயே பைத்தான் எழுதி ஓட்ட கூகல் கோலாப் இருப்பதால் கணினியில் எதையும் நிறுவக்கூட வேண்டாம். ஆனால் பாடத்தில் வரும் தரவெல்லாம் சுத்தமாக இருக்கும். ஐரிஸ் பூக்களின் அளவுகள், 150 வரிசை, புள்ளியியலாளர் ஃபிஷர் 1936-இல் தன் கட்டுரையில் பயன்படுத்தியது, இன்றுவரை பாடத்துக்குப் பாடம் அதுதான், ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. என் கோப்பில் கிள்ளான் என்கிற ஒரே ஊர் நான்கு விதமாக இருந்தது. மலாய் எழுத்துக்கூட்டலில் சிலர், ஆங்கிலத்தில் சிலர், எல்லாம் சிறிய எழுத்தில் சிலர், கடைசியில் ஒரு இடைவெளி விட்டுச் சிலர். கணினிக்கு அது நான்கு ஊர். மூன்று மாதம் வீடியோ பார்த்தும் இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

அப்புறம் கட்டண வகுப்பு. இரண்டு சனிக்கிழமை, எனக்கு அது பெரிய தொகை. முப்பது பேருக்கு ஒரே ஆசிரியர். மென்பொருளை எல்லார் லேப்டாப்பிலும் நிறுவி முடிப்பதற்குள்ளேயே முதல் நாள் காலை போய்விட்டது, அதன் பிறகு ஸ்லைடு வேகமாக ஓடியது. சான்றிதழ் கொடுத்தார்கள். வேலை தேடுகிறவருக்கு அது உதவலாம், உங்கள் கம்பெனி எச்ஆர்டி கார்ப் லெவியிலிருந்து, அதாவது ஊழியர் பயிற்சிக்காக முதலாளிகள் செலுத்தும் நிதியிலிருந்து, கட்டுகிறது என்றால் தாராளமாகப் போங்கள். சொந்தக் காசு போட்டு ஆய்வுக்காகக் கற்றுக்கொள்கிற மாணவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

நூலகப் பயிலரங்கு இரண்டு நாள்தான். ஆசிரியர் ஸ்லைடு போடாமல் நம் கண்முன்னே ஒவ்வொரு வரியாகத் தட்டுவார், நாமும் கூடவே தட்ட வேண்டும். எல்லாருக்கும் இரண்டு நிற ஒட்டுத்தாள் தருவார்கள். முடித்துவிட்டால் பச்சை, மாட்டிக்கொண்டால் இளஞ்சிவப்பு, லேப்டாப் மூடியின் பின்பக்கம் ஒட்டினால் போதும், கையைத் தூக்க வேண்டாம், உதவியாளர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருவார். கூச்சப்பட்டு வாயே திறக்காத நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு ஏற்பாடே பாதி வெற்றி. 1998-இல் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளர்களுக்குக் கோடிங் சொல்லித்தரத் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி வழியில் வளர்ந்த முறை இது. அந்தப் பாடங்கள் திறந்த உரிமத்தில் இருப்பதால் எந்த ஊர் நூலகமும் எடுத்து நடத்தலாம்.

என் கிள்ளான் பிரச்சினை அங்கே இரண்டாம் நாள் மதியம் தீர்ந்தது, அதுவும் கோடிங்கே இல்லாமல். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருளில் ஒத்த சொற்களைக் கூட்டமாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது, ஒலியை வைத்தும் சேர்க்கும். உதவியாளர் காட்டித்தந்தார், நான்கு கிள்ளானும் ஒன்றாயின. இன்னொன்றையும் அவர்தான் கவனித்தார்: சுங்கைப்பட்டாணியின் போஸ்ட்கோட் 08000, என் கோப்பில் அது 8000 ஆகிக் கிடந்தது. எக்செல் முன்னால் நிற்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் அடையாள அட்டை எண்ணுக்கும் இதே கதிதான், பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தில் தொடங்குவதால் அதுவும் பூஜ்யத்தில்தான் ஆரம்பிக்கும். பைத்தானில் அட்டவணைகளைப் படிக்க உதவும் பாண்டாஸ் தொகுப்பும் சும்மா விட்டால் அதையேதான் செய்யும், அந்த நெடுவரிசையை எழுத்தாகவே படி என்று சொல்லிவிட வேண்டும்.

ஆர் நல்லதா பைத்தான் நல்லதா என்று ரொம்ப யோசிக்காதீர்கள். கருத்துக்கணிப்பு, புள்ளியியல், வரைபடம் என்றால் ஆர் சுலபம், புள்ளியியல்காரர்களே உருவாக்கிய மொழி அது. இணையத்திலிருந்து தரவு இழுப்பது, பெரிய உரைகளை அலசுவது என்றால் பைத்தான். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், ஆர் 1-லிருந்து எண்ணும், பைத்தான் 0-லிருந்து எண்ணும். உங்கள் துறையில் பக்கத்து மேசைக்காரர் எதில் எழுதுகிறாரோ அதையே எடுங்கள், இரவு பத்து மணிக்குப் பிழை வந்தால் அவரைத்தான் கேட்கப் போகிறீர்கள்.

சொந்தத் தரவு இன்னும் இல்லாதவர்கள் அரசின் திறந்த தரவில் பழகலாம். உள்நாட்டு வாணிப அமைச்சின் பிரைஸ்கேட்சர் விலைப் பட்டியலைப் புள்ளியியல் துறையின் ஓப்பன்டோசம் தளம் வழியாக இலவசமாக எடுக்கலாம். கோழி, முட்டை, வெங்காயம் விற்ற விலை, மாதத்துக்கு ஒரு கோப்பு. திறந்தால் தேதி, கடை எண், பொருள் எண், விலை, அவ்வளவுதான். எது கோழி, எது எந்த ஊர்க் கடை என்பது வேறு இரண்டு கோப்புகளில் இருக்கும், மூன்றையும் இணைத்தால்தான் செந்தூலில் என்ன விலை, பிரிக்ஃபீல்ட்ஸில் என்ன விலை என்று பார்க்க முடியும். அட்டவணைகளை இணைப்பது எப்படி என்று இதைவிட நன்றாகப் புரியவைக்கும் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை, அம்மா சந்தையிலிருந்து வந்து சொல்லும் விலைதானே அது.

நூலகம் சந்தா கட்டி வைத்திருக்கும் தரவுத்தளங்கள் வேறு வகை. கம்பெனிக் கணக்கு, பழைய செய்தித்தாள் எல்லாம் கிடைக்கும், ஆனால் உறுப்பினருக்கு மட்டும், மொத்தமாகப் பதிவிறக்கப் பெரும்பாலும் உரிமம் விடாது. நிரல் எழுதித் தரவை இழுப்பதற்கு முன் நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஒருவர் செய்த தவறுக்கு வளாகம் முழுவதற்கும் அணுகல் அடைபடலாம்.

போகும்போது உங்கள் சொந்தக் கோப்பின் ஒரு பிரதியை, பெயர், அடையாள எண் எல்லாம் நீக்கிவிட்டு, எடுத்துப் போங்கள். தேநீர் இடைவேளையில் உதவியாளர்கள் சும்மாதான் நிற்பார்கள், அப்போது திறந்து காட்டுங்கள்.