தண்டர்பேர்ட், ஜிமெயில், அவுட்லுக்: கடிதம் யார் வீட்டில் இருக்கிறது?

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். மதுரையில் வீட்டு மாடியறைதான் அலுவலகம். பதிப்பாளர், எழுத்தாளர், அச்சகம் என மூன்று தரப்புக்கும் நடுவே நிற்பவனுக்கு, யார் எதை எப்போது ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு மின்னஞ்சலைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஒரு ஜிமெயில் முகவரி, சொந்த டொமைனில் ஒரு முகவரி என்று இரண்டு வைத்திருக்கிறேன். கணினிக்கும் கைபேசிக்கும் எந்த மின்னஞ்சல் செயலி என்று சென்ற ஆண்டு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டி வந்தது. தண்டர்பேர்ட் என்ற இலவசச் செயலியைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எது அழகாக இருக்கிறது, எது வேகமாகத் திறக்கிறது என்பதில் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. எல்லாச் செயலியும் கடிதம் அனுப்பும், வாங்கும். எல்லாவற்றிலும் இரண்டு மூன்று முகவரிகளைச் சேர்க்கலாம். இருண்ட திரை வேண்டுமென்றால் அதுவும் எல்லாவற்றிலும் உண்டு. விலையும் பெரிய பிரச்சினையில்லை. தண்டர்பேர்ட் நன்கொடையில் ஓடுகிறது. ஜிமெயிலும் புதிய அவுட்லுக்கும் இலவசம்தான், இடையிடையே விளம்பரம் காட்டும்.

என்னைத் தேர்வு செய்ய வைத்தது ஒரு விபத்து. என் டொமைன் மின்னஞ்சலை வைத்திருந்த சிறிய ஹோஸ்டிங் நிறுவனம் ஓர் இரவில் சர்வரை மாற்றியது. காலையில் கணினியைத் திறந்தேன். இடப்பக்கப் பட்டியலில் இருந்த கோப்புறைகள் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் காலியாயின. பதினோராயிரத்துச் சொச்சம் கடிதங்கள் ஒரு தேநீர் ஆறுவதற்குள் பூஜ்யம் ஆகிவிட்டன. புதிய சர்வரில் என் பெட்டி வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக் கணினியும் தன் படியை வெறுமையாக்கிக்கொண்டது.

அப்போதும் என் கணினியில் இருந்தது தண்டர்பேர்ட்தான். அது காப்பாற்றவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஐமேப் என்ற முறையின் இயல்பே அது. 1986இல் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தது. சர்வரில் இருப்பதே உண்மை, நம் கணினியில் இருப்பது அதன் நிழல் என்பதுதான் அதன் அடிப்படை. கைபேசியில் படித்த கடிதம் கணினியிலும் படித்ததாகத் தெரிவது இந்த ஏற்பாட்டால்தான். சர்வரில் அழிந்தால் இங்கும் அழிவதும் இதே ஏற்பாட்டால்தான். கணினியில் எல்லாம் இறங்கியிருக்கிறதே என்று அதைக் காப்புப் பிரதியாக நினைத்துக்கொண்டிருந்தது என் பிழை.

காப்பாற்றியது, விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் உடைந்ததால் அலமாரியில் கிடந்த பழைய மடிக்கணினி. மூன்று மாதமாக அதைத் திறக்கவில்லை. வீட்டு வைஃபை பெட்டியின் மின்சாரத்தை முதலில் பிடுங்கினேன். பிறகுதான் மடிக்கணினியை எழுப்பினேன். தண்டர்பேர்ட் திறந்தது, சர்வர் கிடைக்கவில்லை என்று முனகியது, மூன்று மாதத்துக்கு முந்தைய கடிதங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. அவற்றைக் கோப்புறை கோப்புறையாக 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதிக்கு நகலெடுத்தேன். அந்தப் பகுதிக்கும் எந்தச் சர்வருக்கும் தொடர்பில்லை. அங்கே போட்டதை நாம் அழித்தாலொழிய யாரும் அழிக்க முடியாது. எல்லாம் முடிந்த பிறகே இணையத்தை இணைத்து, அங்கிருந்து புதிய பெட்டிக்கு மறுபடி இழுத்துப் போட்டேன். கடைசி மூன்று மாதக் கடிதங்கள் போனது போனதுதான்.

அதனால் இந்த ஒப்பீட்டில் மற்றவற்றை விட ஒரு கேள்விக்கே அதிக எடை கொடுக்கிறேன்: என் கடிதங்களின் முழுப் படி என் வட்டில் இருக்குமா, அதைச் சர்வரிலிருந்து பிரித்து வைக்க முடியுமா?

ஜிமெயில் செயலி இதற்கென உருவானதல்ல. கைபேசியில் அது சும்மா விட்டால் 30 நாள் கடிதங்களை மட்டுமே ஒத்திசைத்து வைக்கும். கணினியில் உலாவி வழியாக ஆஃப்லைன் வசதியை இயக்கினாலும் 90 நாள்தான் உச்சம். மொத்தமாக வெளியே எடுக்க கூகுள் டேக்அவுட் இருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது, எம்பாக்ஸ் என்ற பொது வடிவத்திலேயே கோப்பைத் தருகிறது. ஆனால் அது நாமாக நினைவு வைத்துக் கேட்டு வாங்க வேண்டிய மூட்டை, அன்றாடம் தானாகச் சேரும் படி அல்ல. இன்னொன்று, கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம். அஞ்சல், டிரைவ், புகைப்படங்கள் மூன்றும் அதில்தான் குடியிருக்க வேண்டும். மெய்ப்புப் பிடிஎஃப்கள் வந்து குவியும் என் போன்றவருக்கு அது நிரம்பும் நாள் வரும். நிரம்பினால் புதிய கடிதம் உள்ளே வராது. பழையவற்றைக் கணினியின் லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு இறக்கிவிட்டு அங்கே இடம் பண்ணுவதுதான் இப்போது என் வழக்கம்.

அவுட்லுக் என்றால் இன்று இரண்டு. பழைய அவுட்லுக் காசு கொடுத்து வாங்குவது. பிஎஸ்டி என்ற தன் கோப்பு வகையில் கடிதங்களை நம் வட்டிலேயே வைக்க முடியும். 2029 வரையாவது ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அலுவலகத்தில் ஏற்கெனவே அது இருந்தால் மாற்றச் சொல்ல மாட்டேன். 2024 இறுதியில் விண்டோஸின் மெயில் செயலிக்கு ஆதரவு முடிந்தபோது அதன் இடத்துக்கு வந்த புதிய அவுட்லுக்தான் எனக்கு உறுத்துகிறது. வேறு நிறுவனத்தின் ஐமேப் கணக்கை அதில் சேர்த்தால், கடிதங்களை மைக்ரோசாஃப்டின் சர்வருக்கு நகலெடுத்து அங்கிருந்து நமக்குக் காட்டுகிறது. சேர்க்கும்போதே அறிவிப்பு வருகிறது; நாம்தான் படிக்காமல் 'தொடர்க' என்று அழுத்துகிறோம். ஒரு கடிதம் என்னிடம் வர இரண்டு வீடு ஏறி இறங்குவானேன்?

தண்டர்பேர்ட் 2004 டிசம்பரில் 1.0 ஆக வந்தது. எந்த ஐமேப் கணக்கைச் சேர்த்தாலும், வேண்டாம் என்று நாம் சொல்லாதவரை, எல்லாக் கடிதங்களையும் வட்டில் இறக்கி வைக்கும். வைத்திருப்பதும் எளிய முறையில்தான்: ஒரு கோப்புறைக்கு ஒரு கோப்பு, அதே எம்பாக்ஸ். சாதாரண எழுத்துக் கோப்புச் செயலியில் அதைத் திறந்து பார்த்திருக்கிறேன். தேதியும் அனுப்பியவர் முகவரியும் படிக்க முடிந்தது. தமிழ்ப் பகுதி மட்டும் குறியேற்றத்தில் புதைந்து ஆங்கில எழுத்தும் எண்ணுமாகத் தெரிந்தது. நாளை தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும் இந்தக் கோப்பைப் படிக்க இன்னொரு செயலி இருக்கும். டிராப்பாக்ஸ் வாங்கிய மெயில்பாக்ஸ் என்ற அஞ்சல் செயலி 2016இல் மூடப்பட்டது, கூகுளின் இன்பாக்ஸ் என்ற செயலி 2019இல். செயலிகளின் ஆயுள் இவ்வளவுதான் என்று கண்ட பிறகு இந்த எண்ணம் வருவது இயல்பு.

பராமரிப்பு இல்லாமல் இது கிடைக்காது. ஒரு கோப்புறை ஒரே கோப்பாக இருப்பதால் சில தொல்லைகள் உண்டு. நூறு கடிதங்களை அழித்தாலும் கோப்பு சிறுக்காது. கோப்பைச் சுருக்கும் 'கம்பேக்ட்' கட்டளையைக் கொடுத்தால்தான் இடம் மீளும். வைரஸ் தடுப்புச் செயலி ஒரு விஷக் கடிதத்தைக் கண்டு அந்தக் கோப்பையே சிறைபிடித்தால், கோப்புறை முழுவதும் உள்ளே போய்விடும். அதனால் இன்பாக்ஸைச் சிறிதாக வைத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒரு கோப்புறை. மாதக் கடைசியில், மின்கட்டணம் கட்டும் அன்றே, லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகல், பிறகு தண்டர்பேர்டை மூடிவிட்டு அதன் கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் புரொஃபைல் கோப்புறையை முழுதாக வெளிவட்டுக்கு நகல். இருபது நிமிட வேலை. இதைச் செய்ய மனமில்லாதவருக்கு நான் தண்டர்பேர்டைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜிமெயிலே போதும், கூகுளின் சர்வர் என் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரைப் போல ஓர் இரவில் வெறுமையாகிவிடும் என்று நான் பயமுறுத்தப் போவதில்லை.

தேடலில் ஜிமெயில்தான் வேகம், சந்தேகமே இல்லை. ஆனால் தமிழில் எழுதுபவருக்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜிமெயில் முழுச் சொல்லாகத் தேடும். நம் மொழியிலோ சொல் தனியாக நிற்பது அபூர்வம். ஓர் எழுத்தாளர் தன் நூலின் அட்டைக்குத் தான் ஒப்புதலே தரவில்லை என்று ஒருமுறை வாதிட்டார். பழைய கடிதத்தைத் தேட வேண்டியிருந்தது. அவர் 'அட்டை' என்றா எழுதியிருப்பார்? 'அட்டையில்', 'அட்டைப்படத்தை', 'அட்டைக்கு' என்று எழுதியிருப்பார். தண்டர்பேர்டின் விரைவு வடிகட்டி சொல்லின் துண்டையும் பிடிக்கும். 'அட்டை' என்று இட்டதும் மூன்றும் வந்து நின்றன. 'ரசீது' தேடும்போது கடைசி உகரத்தை விட்டு 'ரசீத' என்று இட்டால் ரசீதை, ரசீதுகள் எல்லாம் சிக்கும். இதற்காகவே அதை மன்னிக்கலாம் என்று தோன்றுகிறது, ஏனெனில் அதன் மற்றொரு தேடல், எல்லாக் கணக்கையும் சேர்த்துத் தேடுவது, எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. தமிழுக்கு மட்டும் தனி எழுத்துருவும் அளவும் வைக்க முடிவது மெய்ப்புக்காரனின் கண்ணுக்குக் கிடைத்த சிறு கொசுறு.

கைபேசியில் என் சாய்வு இவ்வளவு உறுதியானதல்ல. 2022இல் தண்டர்பேர்ட் குடும்பத்தில் சேர்ந்த கே-9 மெயில் என்ற செயலியை அடிப்படையாகக் கொண்டு, 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்ட் வந்தது. கணினித் திரையில் தோன்றும் க்யூஆர் சதுரத்தைக் கைபேசியால் படித்தால் கணக்கு அமைப்புகள் வந்து சேர்ந்துவிடும். சர்வர் பெயர்களைத் தட்டச்சு செய்யும் தொல்லை இல்லை. ஆனால் கடிதம் வந்த கணமே மணியடிப்பதில் ஜிமெயில் செயலிதான் கில்லாடி. கூகுளின் சொந்த வழி அதற்கு இருக்கிறது. தண்டர்பேர்ட் சர்வரோடு எப்போதும் தொடர்பில் இருந்தாக வேண்டும். அதற்காக மேலே ஓர் அறிவிப்பு நிரந்தரமாக நிற்கும். பேட்டரிச் சிக்கன அமைப்பிலிருந்து விலக்கும் தர வேண்டும். நான் விலக்குத் தர மறந்த முதல் வாரம், அச்சகத்திலிருந்து வந்த அவசரக் கடிதத்தை மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தேன். இப்போது சரியாக வருகிறது. அண்மைக் கடிதங்களை மட்டுமே அது இறக்குவதால் கைபேசி எனக்கு ஆவணக் காப்பகம் அல்ல, வாசல் திண்ணை. கையில் ஏற்கெனவே ஜிமெயில் செயலி நன்றாக ஓடுகிறதென்றால், கைபேசியில் அதையே வைத்துக்கொண்டு கணினியில் மட்டும் தண்டர்பேர்ட் வைப்பதிலும் எந்தத் தப்பும் இல்லை. முழுப் படி கணினியில்தானே சேர்கிறது.

ஐபோனைப் பற்றி என் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. தங்கைக்குக் கணக்கு அமைத்துக் கொடுத்த பழக்கம் மட்டுமே. அதிலுள்ள ஆப்பிளின் மெயில் செயலி சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஜிமெயில் கடிதங்கள் அதில் உடனுக்குடன் தள்ளப்படுவதில்லை, கால் மணிக்கு ஒருமுறை போய் எடுத்து வரும் கணக்கில்தான் வருகின்றன. அவளுக்கு அது போதும் என்கிறாள். வங்கி ஓடிபி எப்படியும் குறுஞ்செய்தியில்தானே வருகிறது என்பது அவள் வாதம்.

விசைப்பலகை உடைந்த மடிக்கணினியை விற்றுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைஃபையில் சேர்த்து, எல்லாம் இறங்கியதும் அணைத்து, மறுபடி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.