உபுண்டு போட்டுத் தரும் கடை: கைவேலை சுத்தம், பாத் மட்டும் திறந்த மடை

மதிப்பெண்: ஐந்துக்கு மூன்று.

கும்பகோணத்தில் ஒரு கடை. பழைய கணினிக்கு எஸ்எஸ்டி மாட்டி, உபுண்டு ஏற்றி, பில் போடும் ஸ்கிரிப்டையும் சேர்த்து அரிசி மில்லுக்கும் உரக்கடைக்கும் தருகிறார்கள். வன்பொருள் வேலையில் குறை சொல்ல முடியாது. பிரிண்டரும் முதல் தடவையே ஓடியது.

கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியல்தான் பாத். டெர்மினலில் அதைக் காட்டச் சொல்லி 'எக்கோ $பாத்' அடித்தால்தான் வில்லங்கம். வரிசையின் தொடக்கத்திலேயே ஒரு புள்ளி, அதன்பின் ஃபோல்டர்களைப் பிரிக்கும் முக்காற்புள்ளி (:), பிறகுதான் /யூஎஸ்ஆர்/பின் எல்லாம். 'பில்' என்று மட்டும் அடித்தால் ஓட வேண்டும் என்பதற்காக, உள்ளே நுழையும்போது படிக்கப்படும் /இடிசி/ப்ரொஃபைல் கோப்பில் சேர்த்திருக்கிறார்கள்.

நாம் அடிப்பதை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல், கட்டளையை இந்தப் பட்டியலில் இடமிருந்து வலமாகத் தேடும். முதலில் கிடைப்பதை ஓட்டிவிடும். தலைமடையில் அதே பெயரில் ஒன்று நின்றால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. புள்ளி என்றால் அப்போது நிற்கும் ஃபோல்டர். பில் ஃபோல்டரின் அனுமதியோ 777, யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதில், கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையான 'எல்எஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்து, 'எக்கோ மாட்டினாய்' என்று ஒரு வரி எழுதி, ஓடும் அனுமதி கொடுத்துப் பார்த்தோம். நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் 'சுடோ எல்எஸ்' தப்பியது. சுடோவின் விதிகள் இருக்கும் சுடோயர்ஸ் கோப்பிலுள்ள செக்யூர்_பாத் என்ற தனிப் பட்டியல் காப்பாற்றிவிட்டது. 'சுடோ -ஐ' வழியாக ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக நுழைந்து அந்த ஃபோல்டரில் 'எல்எஸ்' அடித்ததும் 'மாட்டினாய்' வந்தது. அப்படி நுழையும்போது திறக்கும் லாகின் ஷெல் அதே ப்ரொஃபைலைப் படிப்பதுதான் காரணம். திருடன் எழுதினால் இப்படிக் கத்த மாட்டான். பாஷ் என்ற ஷெல்லுக்கு ஒரு செட்யூஐடி நகல் (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடுவது) எடுத்துவைத்துவிட்டு, உண்மையான /பின்/எல்எஸ்ஸையும் ஓட்டிக் காட்டுவான்.

புள்ளியைக் கடைசிக்குத் தள்ளினால் போதாதா என்று கடையில் கேட்டார்கள். போதாது. அவசரத்தில் 'எஸ்எல்' என்று தப்பாக அடிப்பவருக்காக அந்தப் பெயரிலும் கோப்பு காத்திருக்கலாம்.

சொன்னதும் முகம் சுளிக்காமல் திருத்தினார்கள், அது பாராட்டுக்குரியது. ஆனால் புள்ளியை எடுத்தவர்கள் முக்காற்புள்ளியை விட்டுவிட்டார்கள்! தொடக்கத்திலோ கடைசியிலோ தனியாக நிற்கும் முக்காற்புள்ளிக்கும், நடுவில் இரண்டு ஒட்டி நிற்பதற்கும் அதே பொருள்தான்: நிற்கும் ஃபோல்டர். கண்ணுக்குப் புள்ளி தெரியாததால் இதுதான் இன்னும் மோசம்.

சரியான வழி: ப்ரொஃபைலில் சேர்த்த வரியை முழுதாக நீக்குங்கள். ஸ்கிரிப்டை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னுக்கு மாற்றி, உரிமையாளர் ரூட், அனுமதி 755 (எல்லோரும் ஓட்டலாம், உரிமையாளர் மட்டும் எழுதலாம்) என்று வையுங்கள். வெளியேறி மறுபடி உள்ளே வந்து 'டைப் -ஏ எல்எஸ்' அடித்தால் எந்தெந்த எல்எஸ் எந்த வரிசையில் நிற்கிறது என்று தெரியும்.

ராத்திரி பேக்கப் ஓடாததற்கும் இதே பாத்தான் காரணம். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானுக்கு வழக்கமாகக் கிடைப்பது /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டுமே. அதன் வேலைப் பட்டியலான க்ரான்டேபில் வெறும் பெயரை எழுதியிருந்தார்கள். முழுப் பாதையை எழுதியதும் ஓடியது.