உச்சிப்புளி ஆன்லைன் கடை: 'ரிஜெக்ட்' தாளைப் படித்துச் சொல்லும் சேவை எப்படி?

விண்ணப்பம் போடுவது, ஜெராக்ஸ், லேமினேஷன் எல்லாம் இந்தக் கடையிலும் மற்ற கடைகள் மாதிரிதான். இங்கே தேடி வர வேண்டியது வேறொரு வேலைக்கு. மறுத்து வந்த ஆங்கிலப் பதிலை வரிவரியாகப் படித்து, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறார்கள். மண்டபத்திலிருந்து தேவிபட்டினம் வரை எந்தப் பதில் வந்தாலும் 'ரிஜெக்ட் ஆயிருச்சு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். தாளில் இருக்கும் சொற்களோ பல வகை. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு, கெடு வேறு. அது தெரிந்த ஆள் கவுன்ட்டரில் இருப்பது பெரிய விஷயம்.

கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். பருந்து உச்சிப்புளியிலேயே இருப்பதாலோ என்னவோ, கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் எழுதும் பையன்கள்தான் இங்கே அதிகம். அவர்களுக்கு வரும் 'இனெலிஜிபிள்' என்ற சொல்லுக்கு, விதி கேட்கும் தகுதி உங்களிடம் இல்லை என்று பொருள். கடலோரக் காவல்படையின் நாவிக் ஜெனரல் டியூட்டி என்ற மாலுமி வேலைக்கு வயது 18 முதல் 22, பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். காமர்ஸ் படித்தவர் அப்பீல் போட்டுப் பயனில்லை என்று இங்கே நேராகச் சொல்லிவிடுகிறார்கள், காசும் வாங்குவதில்லை. அதே சொல் வயதைக் காட்டி வந்திருந்தால் மட்டும் உட்காரவைத்து சாதிச் சான்றிதழைக் கேட்கிறார்கள். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய அரசு வேலைக்குப் போதாது. பிற்படுத்தப்பட்டோரில் வசதி வரம்பைத் தாண்டாதவர் என்று காட்டும் ஓ.பி.சி. 'நான்-கிரீமி லேயர்' சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் பொதுப்பிரிவில் வைத்துப் பார்ப்பார்கள். 3 ஆண்டு வயதுத் தளர்வு போய்விடும். 23 வயதுப் பையன் 'ஓவரேஜ்' ஆகிவிடுவான். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய், பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அதில் சேராது என்பதுவரை விளக்குகிறார்கள். அந்த வாய்ப்பு திரும்ப வராது என்றாலும் அடுத்த அறிவிப்புக்குள் சான்றிதழ் கையில் இருக்கும்.

'ரிஜெக்டட்' என்பது பெரும்பாலும் விண்ணப்பத்தின் குறை: போட்டோ மங்கல், கையெழுத்து கேட்ட அளவில் இல்லை, கட்டணம் போய்ச் சேரவில்லை. கடைசி நாள் முடியாமலிருந்து, அறிவிப்பும் அனுமதித்தால் திருத்தி மறுபடி போடலாம். 'டிஸ்குவாலிஃபைட்', 'டிபார்டு' (debarred) இரண்டும் கனமானவை. தகுதி இருந்தவர், தேர்வறைக்குள் செல்போன் கொண்டுபோனது போன்ற ஏதோ ஒரு செயலால் அதை இழந்துவிட்டார் என்பதைச் சொல்பவை. இனெலிஜிபிளுக்குப் பின்னால் 'ஃபார்' அல்லது 'டு' வரும். இந்த இரண்டுக்கும் பின்னால் 'ஃப்ரம்' வரும். அந்த 'ஃப்ரம்'மை அடுத்துத்தான் எந்தத் தேர்வுகளுக்கு, எத்தனை ஆண்டுக்குத் தடை என்ற விவரம் இருக்கும்.

வெறும் ரிஜெக்டட் வந்தவர் அப்பீல் கடிதத்தில் 'ஐ வாஸ் டிஸ்குவாலிஃபைட்' என்று எழுதினால், செய்யாத தவறைத் தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இந்தக் கடையில் பதிலில் இருக்கும் சொல்லையே எடுத்து, காரணத்தையும் விதி எண்ணையும் சேர்த்துக் கடிதம் எழுதித் தருகிறார்கள். வேறு கடைகளில் பார்க்கக் கிடைக்காத கவனம் இது.

மெடிக்கலில் 'அன்ஃபிட்' வந்தால் அதன் முன்னால் டெம்பரரியா பெர்மனென்டா என்பதை முதலில் பார்க்கிறார்கள். காதில் அழுக்கு அடைத்திருப்பது போன்றதைச் சரிசெய்து, தாளில் போட்ட நாளுக்குள் மறுபரிசோதனைக்குப் போகலாம். நிறக்குருடுக்கு அப்படி வழியில்லை.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்து கல்ஃப் மெடிக்கல் ரிப்போர்ட்டோடு வருபவர்களுக்கு இன்னொரு சொல் பயம் காட்டுகிறது: 'ரூல்டு அவுட்'. செய்தியில் ஒரு ஆட்டக்காரர் தொடரிலிருந்து 'ரூல்டு அவுட்' என்றால் அவர் ஆட முடியாது. ரிப்போர்ட்டில் 'டி.பி. ரூல்டு அவுட்' என்றால் டி.பி. இல்லை என்று உறுதியாகிவிட்டது, நல்ல செய்தி. டாக்டர் சீட்டில் 'ரூல் அவுட் டி.பி.' என்றிருந்தால், இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று அர்த்தம். முடிவு இன்னும் வரவில்லை. இந்த மூன்றையும் பொறுமையாகப் பிரித்துச் சொல்லி அனுப்புகிறார்கள்.

விபத்துக் காப்பீட்டில் 'ரெபுடியேட்டட்' என்றால் கோரிக்கையைப் பரிசீலித்து, பாலிசியின் ஒரு விதியைக் காட்டிப் பணம் தர மறுத்துவிட்டார்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் கம்பெனிக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம். அதற்கு ஓர் ஆண்டுக் கெடு உண்டு. இதில் மட்டும் கடைக்காரர் கொஞ்சம் தடுமாறுகிறார். முதல் படியை விட்டுவிட்டு நேராகக் குறைதீர்ப்பாளருக்கு மனு தயார் செய்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. இலவசமாகக் கொடுக்கும் சொற்பொருள் தாளில் இனெலிஜிபிள், டிஸ்குவாலிஃபைட் இரண்டுக்கும் 'தகுதியற்றவர்' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். முதலாவதற்குத் 'தகுதி இல்லாதவர்', இரண்டாவதற்குத் 'தகுதி நீக்கம் செய்யப்பட்டவர்' என்று போட வேண்டும். வாயால் அத்தனை தெளிவாகச் சொல்லும் கடையில் தாள் குழப்பக்கூடாது.

விண்ணப்பத்தில் கடையின் இ-மெயிலைப் போடாமல் உங்கள் சொந்த நம்பரையும் மெயிலையும்தான் கேட்கிறார்கள். பதில் தவறிப்போகாமல் இருக்க இது முக்கியம். பதிலைப் படித்துச் சொல்ல 50 ரூபாய், கடிதம் எழுத 150. சாயங்காலம் கூட்டம், காலையில் போவது நல்லது. பதிலின் முதல் பக்கத்தை மட்டும் செல்போனில் படம் பிடித்துக் கொண்டுபோகாதீர்கள். முழு பி.டி.எஃப். வேண்டும், அப்பீல் கெடு பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது.