ஸ்கிப் ஜேம்ஸ்: எந்தப் பதிவில் தொடங்கலாம்?

ஸ்கிப் ஜேம்ஸின் பாட்டு பல வருடங்களாக என் வீட்டில் ஓடுகிறது. வெவ்வேறு தொகுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டதில் எனக்குப் பட்டது இது: அவருடைய உச்சம் 1931தான், ஆனால் புதிதாகக் கேட்பவர் அங்கே தொடங்க வேண்டாம்.

ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்க இசையைப் பாடியவர், கிட்டாரும் பியானோவும் வாசித்தவர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பென்டோனியாக்காரர். 1931 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்தின் கிராஃப்டனுக்குப் போய் பாரமவுண்ட் நிறுவனத்துக்காகப் பாடினார். சினிமா கம்பெனி இல்லை, மரச்சாமான் செய்த ஒரு நிறுவனத்தின் இசைத்தட்டுப் பிரிவு. தட்டின் தரம் மட்டம். போதாததற்குப் பொருளாதாரப் பெருமந்தம், வாங்க ஆளில்லை. மூலத் தகடுகளும் மிஞ்சவில்லை. சேகரிப்பாளர்களிடம் தப்பிப் பிழைத்த தேய்ந்த தட்டுகளிலிருந்துதான் இன்று கிடைக்கும் 18 பாட்டுகளும் வருகின்றன. எந்தத் தொகுப்பை வாங்கினாலும் கடுகு தாளிக்கிற சத்தம் கூடவே வரும்.

அந்தச் சத்தத்தை எவ்வளவு துடைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். மலிவாகக் கிடைத்த ஒரு தொகுப்பில் இரைச்சலே இல்லை, சரி. ஆனால் கம்பியில் நகம் படுகிற ஒலியும் போய்விட்டது, அந்த உச்சஸ்தாயிக் கள்ளக்குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. என் கை திரும்பத் திரும்பப் போவது 1994இல் யாசூ என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட தொகுப்புக்குத்தான். இரைச்சல் உண்டு, ஆளும் இருக்கிறார். செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியவற்றை ஒதுக்கிவிடுங்கள். எல்லாமே மோனோவில் பதிவானவை.

அதில் முதலில் 'டெவில் காட் மை வுமன்'. கிட்டாரின் திறந்த கம்பிகளையே டி மைனராகச் சேர்த்துக்கொள்வார். மிசிசிப்பி டெல்டா பகுதியின் மற்ற ப்ளூஸ்காரர்களிடம் கேட்காத ஒரு குளிர் அந்த ஒலியில் இருக்கிறது. அப்புறம் '22-20 ப்ளூஸ்': பியானோ, கூடவே தரையை உதைக்கும் கால். சந்தம் எங்கே போய் முடியும் என்று இன்னும் என்னால் ஊகிக்க முடிவதில்லை. இன்னொரு ப்ளூஸ்காரர் ராபர்ட் ஜான்சன் 1936இல் பதிவு செய்த '32-20' இதிலிருந்து வந்ததுதான். எனக்கு மூலமே பெரிது. 'ஐம் சோ கிளாட்' பாட்டின் விரல் வேகத்தை அவரே பின்னாளில் எட்டவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் அங்கே தொடங்க வேண்டாம் என்கிறேன்? வரிகள் பிடிபடாது. 1931க்குப் பிறகு இசையுலகின் கண்ணில் படாமல் போனவரை, 1964இல் கிட்டார் கலைஞர் ஜான் ஃபேஹியும் இரண்டு நண்பர்களும் மிசிசிப்பியின் டூனிக்கா மருத்துவமனையில் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதே கோடையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடினார். பிறகு வான்கார்ட் நிறுவனத்துக்காகச் செய்த 'டுடே!' 1966இல் வந்தது. தெளிவான பதிவு. குரல் மெலிந்திருக்கிறது, நோயாளியின் நிதானம் விரல்களிலும் தெரிகிறது. ஆனால் 'ஹார்ட் டைம் கில்லிங் ஃப்ளோர்' பாட்டுக்கு அந்த நிதானம் பொருந்திவிடுகிறது. பெருமந்தக் காலத்தில் வீடு வீடாக அலைந்தவர்களைப் பற்றிய பாட்டு, கிழவர் பாடும்போது எனக்கு இன்னும் உறைக்கிறது. 1931 பதிவைவிட இது மேல் என்று நான் சொல்லும் ஒரே பாட்டும் இதுதான். வாஷிங்டன் மருத்துவமனையில் கிடந்ததைப் பற்றியும் இந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு இருக்கிறது.

1968இல் வந்த இன்னொரு வான்கார்ட் ஆல்பம் அவசரமில்லை. அறுபதுகளின் பியானோப் பாட்டுகளில் பழைய முரட்டுத்தனம் இல்லை. நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். பிரிட்டிஷ் ராக் குழுவான க்ரீம் 'ஐம் சோ கிளாட்' பாடியது 1966இல். அந்த உரிமைத்தொகை கடைசிக்கால மருத்துவச் செலவுக்கு உதவியது. 1969இல் இறந்தார்.

ஆக, 'டுடே!' ஆல்பத்தை வரிகள் மனதில் தங்கும்வரை கேளுங்கள், பிறகு யாசூ. அதையும் ஒரே மூச்சில் வேண்டாம். மூன்று நான்கு பாட்டுக்கு மேல் போனால் காது களைத்து எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஹெட்ஃபோனில் கரகரப்பு நேரே காதுக்குள் இறங்குவதால் எனக்கு ஸ்பீக்கர்தான் வசதி.