ஐம்பது வருஷத்துக்கான பித்தளைக் காலண்டர்: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் கடையில் நின்றபடியே ஒரு தேதியைச் சுழற்றிப் பார்த்து, ஒரு இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்து வாங்க வேண்டும். எந்தத் தேதி, எந்த இடம் என்பது கீழே வருகிறது.

நான் வாங்கியது கொழிஞ்சாம்பாறையில், பொள்ளாச்சி போகும் ரோட்டுப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில். விலை 450 ரூபாய். உள்ளங்கை அகலத்தில் இரண்டு பித்தளைத் தகடுகள், நடுவில் ஒரு ஆணி, அவ்வளவுதான். கீழ்த்தகடு அசையாது. அதன் மேல்பாதியில் பன்னிரண்டு மாதங்களும் ஏழு கட்டங்களுக்குள் அடங்கியிருக்கின்றன. கீழ்ப்பாதியில் 1 முதல் 31 வரை தேதிகள். மேல்தகடு சுழலும். அதில் 2010 முதல் 2059 வரையுள்ள ஆண்டுகள் ஒரு பக்கம், கிழமைகள் மறுபக்கம். வேண்டிய மாதத்துக்கு நேரே வேண்டிய ஆண்டைக் கொண்டுவந்து நிறுத்தினால், தேதிகளின் தலைக்கு மேல் கிழமைகள் தானாக வந்து நிற்கும். அந்த மாதம் முழுதும் கண்முன் தெரியும்.

எனக்குக் கல்யாணச் சமையல் வேலை. வேலந்தாவளம், சித்தூர், நல்லேப்பிள்ளி, அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரை ஆர்டர் எடுக்கிறோம். தமிழ் வீடுகள், மலையாளி வீடுகள், ராவுத்தர் வீடுகள், வேதக்காரர் வீடுகள் எல்லாம் வரும். முகூர்த்தம் அவரவர் முறைப்படி குறித்தாலும், வந்து உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: அன்றைக்கு என்ன கிழமை? ஞாயிறாக இருந்தால் ஆயிரம் இலை, புதனாக இருந்தால் அறுநூறு. இலைக்கட்டு, பால், பந்தி பரிமாற ஆள், எல்லாம் கிழமையை வைத்துத்தான்.

செல்போனில் பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம்தான், நானும் பார்ப்பேன். ஆனால் செல்போன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். இந்தத் தகடு கேட்காததையும் காட்டுகிறது. 2026 இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். அதே கட்டத்தில் 2015, 2020, 2037, 2043, 2048, 2054 எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. இவற்றில் 2020, 2048 இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. அவை லீப் ஆண்டுகள், மார்ச் முதல்தான் மற்றவற்றோடு ஒத்துப்போகும். புள்ளி இல்லாதவை ஜனவரி முதல் டிசம்பர் வரை அச்சு அசல் ஒரே காலண்டர். 2015 ஜனவரி 1 வியாழன், 2026 ஜனவரி 1 வியாழன். அப்புறம் வருஷம் முழுக்க எந்தத் தேதியை எடுத்தாலும் கிழமை மாறாது.

இதை வைத்தே ஒரு ஆர்டர் வந்தது. 2015 செப்டம்பர் 6 ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஆன ஒரு தம்பதி, பத்தாம் வருஷ விருந்து வைக்க வந்தார்கள். 2025-இல் அந்தத் தேதி சனிக்கிழமை. "அக்கா, ஞாயித்துக்கிழமைதான் எல்லாருக்கும் தோது, தேதியும் மாறக் கூடாதுங்க" என்றார் அந்தப் பெண். தகட்டைத் திருப்பிக் காட்டினேன். 2026-இல் அதே தேதி ஞாயிறு. அதை விட்டால் 2037. பதினோராம் வருஷம் போதும் என்று சிரித்துக்கொண்டே முடிவு செய்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் தானே சுழற்றிப் பார்க்க முடிகிறதே, அதுதான் இந்தப் பொருளின் பெரிய பலம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். அவருக்குப் பாதி விலையை அதற்கே கொடுக்கலாம். 365 நாளை ஏழால் வகுத்தால் 52 வாரம் போக ஒரு நாள் மிச்சம். அதனால் ஒவ்வொரு ஆண்டும் கிழமை ஒன்று தள்ளும்; லீப் ஆண்டைக் கடந்தால் இரண்டு தள்ளும். ஜனவரி 1 ஏழு கிழமைகளில் ஒன்றில்தான் வர முடியும். சாதா ஆண்டுக்கு ஏழு, லீப் ஆண்டுக்கு ஏழு, ஆகப் பதினான்கு காலண்டர்தான் உலகத்தில் மொத்தமே. வருஷா வருஷம் அச்சடித்து மாட்டுவதெல்லாம் இந்தப் பதினான்கில் ஒன்றுதான். இதைக் கேட்டதும் எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

நான்கு ஆண்டில் ஐந்து கிழமை தள்ளும். ஏழு நான்கு இருபத்தெட்டு ஆண்டில் 35 கிழமை, அதாவது சரியாக ஐந்து வாரம். அதனால் 28 ஆண்டுக்கு ஒருமுறை எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிடும். சாதா ஆண்டாக இருந்தால் அதற்குள்ளேயே 6, 11, 11 என்ற இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வரும். 2009, 2015, 2026, 2037 என்று எண்ணிப் பாருங்கள். லீப் ஆண்டுக்கு அந்தச் சலுகை இல்லை. 2000 சனிக்கிழமை பிறந்தது. அதே காலண்டர் 2028-இல்தான் வருகிறது.

தகட்டில் 2027-க்கும் 2028-க்கும் நடுவே ஒரு கட்டம் தள்ளிப் பொறித்திருப்பார்கள். பார்த்தால் பொறித்தவர் தவறவிட்டது போலத் தோன்றும். தவறவில்லை. பிப்ரவரி 29 அங்கேதான் கணக்கில் ஏறுகிறது.

இனி குறைகள். என் தகட்டில் பெரிய குறை சிவப்புச் சாயம். லீப் ஆண்டின் ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் தனி இடம் வேண்டும். அதற்காக ஏப்ரல், ஜூலை இருக்கும் கட்டத்தில் இன்னொரு ஜனவரியும், ஆகஸ்ட் இருக்கும் கட்டத்தில் இன்னொரு பிப்ரவரியும் சிவப்பில் பொறித்திருக்கிறார்கள். கணக்கு சரிதான், லீப் ஆண்டில் அந்த மாதங்கள் ஒரே கிழமையில்தான் தொடங்கும். ஆனால் சிவப்பு கைபட்டுக் கைபட்டு உதிர்ந்துவிட்டது. இப்போது இரண்டு ஜனவரி, இரண்டு பிப்ரவரி, எது எதற்கு என்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. 2028 பிப்ரவரியைச் சாதா பிப்ரவரிக் கட்டத்தில் வைத்தால் ஒன்றாம் தேதி புதன் என்று காட்டும். உண்மையில் அது செவ்வாய். கல்யாண ஆர்டரில் ஒரு நாள் பிசகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் சொன்னேன்: கடையிலேயே அந்தச் சிவப்பை விரலால் தேய்த்துப் பாருங்கள். 2028 பிப்ரவரி 29-ஐச் சுழற்றி வையுங்கள், செவ்வாய் என்று வர வேண்டும். வந்தால் தகடு சரி. புளி போட்டுத் துலக்காதீர்கள், மிச்சச் சிவப்பும் போய்விடும். நான் நகப்பாலீஷை ஊசி முனையில் தொட்டு எழுத்துக்குள் நிரப்பினேன், நன்றாகவே நிற்கிறது.

இரண்டாவது குறை, கிழமைக்கு ஆங்கில முதல் எழுத்து மட்டும் போட்டிருப்பது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து, சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எழுத்து. பக்கத்து எழுத்தைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். தமிழும் மலையாளமும் படிக்கிற ஊரில் விற்கும் பொருளில் இரண்டில் ஒன்றாவது இருந்திருக்கலாம்.

இது பஞ்சாங்கம் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 2015 காலண்டரையே 2026-க்கு மாட்டலாமா என்று என் பெரிய மகன் கேட்டான். கிழமைக்கு மாட்டலாம், பண்டிகைக்கு முடியாது. 2015-இல் திருவோணம் ஆகஸ்ட் 28, 2026-இல் ஆகஸ்ட் 26. தீபாவளி அப்போது நவம்பர் 10, இப்போது நவம்பர் 8. இரண்டுமே இரண்டு நாள் முன்னால் வருவது தற்செயல் இல்லை. அந்தப் பதினோரு ஆண்டில் 4018 நாள். சந்திரன் 136 அமாவாசைகளை அதைவிட ஏறக்குறைய இரண்டு நாள் முன்னதாகவே முடித்துவிடுகிறது. ஈஸ்டர் மட்டும் இரண்டு ஆண்டிலும் ஏப்ரல் 5, ஏனென்றால் அது பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறைப் பிடித்துக்கொள்கிறது. நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பதினோரு நாள் போல முன்னால் நகர்வதால், பதினோரு ஆண்டில் நான்கு மாதம் இடம் மாறிவிடும்.

நம் தமிழ் வருஷமும் இந்தத் தகட்டுக்குள் அடங்காது. சூரியக் கணக்கில் வருஷத்துக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை. 28 வருஷம் ஆனபின் கிழமை கழிந்து 14½ நாழிகை போல மிச்சம் நிற்கும். பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷச் சுற்று முடிந்தாலோ ஐந்தரைக் கிழமை மிச்சம். பெயர் திரும்பும், கிழமை திரும்பாது. ஜோசியரிடம் நாள் குறிக்காமல் இதை மட்டும் வைத்து யாரும் முகூர்த்தம் பேச முடியாது.

பின்னோக்கிப் பார்க்கவும் இது உதவுகிறது, 2010-க்கு முந்தைய ஆண்டுகள் தகட்டில் இல்லாவிட்டாலும். 28-ஐக் கூட்டிக்கொண்டே வந்தால் போதும். 1956-உடன் 56 கூட்டினால் 2012. 2012 நவம்பர் 1 வியாழன் என்று தகடு காட்டும். மாநிலங்கள் பிரிந்து கேரளம் உருவான 1956 நவம்பர் 1-ஆம் தேதியும் வியாழன்தான். 1947-க்கு 84 கூட்டினால் 2031, ஆகஸ்ட் 15 வெள்ளி. நாடு விடுதலை அடைந்தது வெள்ளிக்கிழமை. எங்கள் பகுதியில் பெரியவர்களுக்குப் பிறந்த தேதி ஆதாரத்தில் இருக்கும், கிழமை யாருக்கும் தெரியாது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் பேச வருகிறவர்களுக்கு நான் கிழமையைக் கண்டுபிடித்துச் சொல்வேன். "ஓ, நான் வெள்ளிக்கிழமை பிறந்தவளா" என்று ஒரு பாட்டி முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கும் நிறைவாக இருந்தது.

இந்த 28 கூட்டும் வழி 1901 முதல் 2099 வரைதான் செல்லும். 1900 லீப் ஆண்டு இல்லை, 2100-உம் இல்லை. 2000 மட்டும் 400-ஆல் வகுபடுவதால் லீப். 2100 வந்ததும் ஒரு கிழமை பிசகிவிடும். ஆனால் 400 ஆண்டில் மொத்தம் 146097 நாள், அதாவது மிச்சமே இல்லாமல் 20871 வாரம். அத்தோடு முழுக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும்.

கடை ஞாயிறு மதியத்துக்கு மேல் இருக்காது. கனமான தகடா, மெல்லியதா என்று கேட்டு வாங்குங்கள்; மெல்லியதில் ஆணி சீக்கிரம் தளர்ந்து, நிறுத்திய இடத்தில் நிற்காது. பெயர் பொறிப்பவரிடம் சொல்லி, கிழமைகளைத் தமிழில் முழுதாகப் பொறித்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். நூறு ரூபாய் கூட ஆகும் என்றார் கடைக்காரர். எனக்கு ஒன்றும், பொள்ளாச்சியில் மண்டபம் நடத்தும் தங்கைக்கு ஒன்றும் சொல்லிவிட்டு வந்தேன்.