விழாக்கால மனச்சோர்வுக்கு ஒளி விளக்கு: மூன்று வாரப் பயன்பாட்டுக்குப் பின்

வீட்டில் ஒரு மரணமும் நீண்ட மருத்துவமனை நாட்களுமாகக் கழிந்த ஆண்டின் இறுதியில், விடுமுறைக் காலம் நெருங்க நெருங்க எதிலும் மனம் ஒட்டாமல் போனதால், ஒளிச் சிகிச்சை விளக்கு ஒன்றை வாங்கி மூன்று வாரங்கள் பயன்படுத்தினேன். குளிர்காலத்தில் வரும் பருவகால மனச்சோர்வை 1984ஆம் ஆண்டு மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் விவரித்தபோதே இந்தச் சிகிச்சையும் கவனம் பெற்றது. பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் ஒளி அளவு 10,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு). காலையில் எழுந்தவுடன் சுமார் 30 நிமிடம், விளக்கை உற்றுப் பார்க்காமல் அதன் முன் அமர்ந்திருக்க வேண்டும்.

நான் வாங்கிய விளக்கின் பெட்டியில் அந்த எண் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தாலும், முகத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தால் மட்டுமே அந்த ஒளி கிடைக்கும் என்பது கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு ஒரு வாழ்த்து அட்டைகூட எழுத முடியவில்லை. முழங்கை பட்டாலே தாங்கி சாய்ந்துவிடுகிறது.

பலன் இல்லாமல் இல்லை. இரண்டாம் வாரத்தில் விழிக்கும் நேரம் சீரானது. பகல் தூக்கமும் குறைந்தது. ஆனால், காலியாகக் கிடக்கும் நாற்காலியைப் பார்க்கும்போது எழும் துக்கத்தை எத்தனை லக்ஸும் தொடவில்லை (விளக்கிடம் அதை எதிர்பார்த்தது என் பிழைதான்). வந்த அழைப்புகளில் பெரும்பாலானவற்றை மறுத்துவிட்டு, ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் போய்வந்ததுதான் அதற்குச் சற்று உதவியது.

இருமுனைக் கோளாறோ (மனநிலை மிகை எழுச்சிக்கும் சோர்வுக்கும் இடையே மாறும் நோய்) விழித்திரை நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்க வேண்டாம். மற்றவர்கள், 30 சென்டிமீட்டர் தொலைவிலும் முழு ஒளி தருவதும் புற ஊதாக் கதிர்களை வடிகட்டுவதுமான பெரிய விளக்கைத் தேடுவது நல்லது.